எல்லா தீஸிஸிலும் நான் ஒட்டிய பாரா

விழுப்புரத்தில் முப்பது வருஷமாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். தீஸிஸ் டைப்பிங், அலைன்மென்ட், பிரின்ட் எல்லாம் உண்டு. நான் பி.எச்டி. படிக்கவில்லை, ஆனால் எத்தனையோ பேருக்கு முடித்துக் கொடுத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த ஆள். அந்த வாய்க்கொழுப்பு அடங்கிய கதையை, இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. ரெடி பாரா

ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் தீஸிஸ் எல்லாவற்றிலும் ஒரு பகுதி வரும். யாரிடம் கேட்டோம், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்ல வேண்டும். பல ஸ்காலர்கள் அதை நாலு வரியில் முடித்துவிடுவார்கள். பத்தாது என்று கைடு திருப்பி அனுப்புவார். அதற்காகவே என் கம்ப்யூட்டரில் ஒரு பாரா தயாராக இருந்தது. இங்கிலீஷில் ஒன்று, தமிழ்ச் சுருக்கத்துக்கு ஒன்று.

"இப்பகுதி மக்கள் கல்வியறிவற்றவர்கள். அறியாமையாலும் மூடப்பழக்கங்களாலும் புதிய முறைகளை ஏற்கத் தயங்குகின்றனர்."

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றுவேன். மீனவர், நெசவாளர், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர், எல்லோருக்கும் அதே பாராதான். இது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

2. ஜெசிந்தாவின் வாக்கு

ஜெசிந்தா திண்டிவனத்துப் பெண். பிரம்மதேசம் பக்கம் ஒரு கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் செய்யும் பெண்களைப் பற்றி அவளுடைய தீஸிஸ். விதை போடும் மிஷின் மாதிரி புதுக் கருவிகளுக்கு அவர்கள் ஏன் மாறவில்லை என்பதுதான் கேள்வி. பல வருஷ உழைப்பு. திங்கட்கிழமை சப்மிஷன். அந்த நாள் தவறினால் ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகிவிடும்.

இவ்வளவு நெருக்கடியிலும் சனிக்கிழமை அந்தக் கிராமத்துக்குப் போக வேண்டும் என்றாள். எழுதியதைப் படித்துக் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் உங்கள் பதில்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாளாம். வேண்டாத வேலை என்று நான் முணுமுணுத்தேன். வெள்ளிக்கிழமை, தீஸிஸில் பக்கம் குறைகிறதே என்று அவளைக் கேட்காமலேயே ரெடி பாராவை ஒட்டினேன், தமிழ்ச் சுருக்கத்திலும் ஒட்டினேன். அதனால் நீண்டுபோன சுருக்கம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் அவள் எழுதியதில் சில வரிகளையும் வெட்டினேன். எல்லாம் உதவி செய்கிற நினைப்பில்தான்.

3. சனிக்கிழமை

திண்டிவனத்தில் பைண்டிங் கொடுக்க வேண்டியிருந்ததால் பிரின்ட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். மகளிர் குழுக் கட்டடத்தில் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவி தனலட்சுமி, ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஜெசிந்தா சுருக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். 'கல்வியறிவற்றவர்கள்' என்ற இடத்தில் அவள் குரல் தடுமாறியது. அது அவள் எழுதாத வரி. ஆனாலும் கொடுத்த வாக்குக்காக முழுசாகப் படித்து முடித்தாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது.

தனலட்சுமி நிதானமாகத்தான் கேட்டார். "ஏம்மா, மிஷினு வேணாம்னு நாங்க எப்ப சொன்னோம்? நெலம் எங்க வூட்டுக்காரரு பேர்ல கீது, என் பேர்ல பட்டா இல்ல, அதனால மானியத்துக்கு மனுவே வாங்க மாட்டேங்கிறாங்கன்னு சொன்னேனே. நீயும் எழுதிக்கினுதானே இருந்த? அது எங்க?"

ஜெசிந்தா அதை நன்றாகவே எழுதியிருந்தாள். இடம் பத்தவில்லை என்று நான் வெட்டிய வரிகளில் அதுவும் ஒன்று. மரியாதையில்லாத வார்த்தையைப் போட்டது மட்டுமில்லை, ஜெசிந்தா வருஷக்கணக்கில் அலைந்து கண்டுபிடித்த காரணத்தை எடுத்துவிட்டு அங்கே 'அறியாமை'யை வைத்திருக்கிறேன்.

"எங்க பேப்பரைக் குடுத்துடும்மா" என்றார் தனலட்சுமி. மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். அவர்கள் பதில் இல்லாவிட்டால் தீஸிஸே இல்லை.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பு என்னுதுதான்க்கா. படிச்சுப் பாக்காம எடுத்துக்கினு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்து அவர்கள் பதில் இருந்த தாள்களை எடுக்க ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதலைங்க. நான்தான் போட்டேன். நீங்க சொன்னதை வெட்டினதும் நான்தான்."

தனலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எங்க ஊருக்கு முன்ன வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படிங்க தெரியும்?"

தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருஷத்தில் எந்தக் கைடிடமும் அப்படி நின்றதில்லை.

அந்தப் பெண்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு இங்கேயே மாற்றி எழுதிப் படிக்கச் சொன்னார்கள். சரியாக இருந்தால் பேப்பர் ஜெசிந்தாவிடமே இருக்கட்டும் என்றார்கள். பிரின்ட்டின் பின்பக்கத்தில் நான் எழுதினேன். பள்ளிக்கூடம் போகாதவர்கள் இத்தனை பேர், அஞ்சாவது வரை படித்தவர்கள் இத்தனை பேர், எத்தனை வருஷமாகப் பயிர் செய்கிறார்கள், யார் பேரில் பட்டா இருக்கிறது, மானியத்துக்கு மனு ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள். நான் 'விவசாயியின் மனைவி' என்று எழுதிய இடத்தில் எல்லாம் ஜெசிந்தா 'விவசாயி' என்று போடச் சொன்னாள். படித்து முடித்ததும் தனலட்சுமி, "இது நாங்க" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திருத்தினோம். திங்கட்கிழமை சப்மிஷன் முடிந்தது. பட்டா விஷயத்தைப் பற்றித்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ரொம்ப நேரம் கேட்டார்களாம். ஜெசிந்தா இப்போது டாக்டர் ஜெசிந்தா.

4. மிச்சம்

ரெடி பாராவை அழித்துவிட்டேன். இப்போது யார் வந்தாலும், இதை நீங்கள் கேள்வி கேட்ட ஊரிலேயே நின்று படித்துக் காட்ட உங்களால் முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் டைப் அடிக்கிறேன். சில பேருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆனால் அழித்தது என் கம்ப்யூட்டரில் இருந்ததைத்தான். பைண்ட் ஆகி லைப்ரரிகளுக்குப் போன தீஸிஸ்களில் மீனவரும் நெசவாளரும் இன்னும் அறியாமையில்தான் இருக்கிறார்கள். அவர்கள் உண்மையில் என்ன காரணம் சொன்னார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது.