அந்தோணி மாமாவின் கதவு

ஒரு கதவுக்காக யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களா?

நான் கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராயபுரத்தில். சர்ச் முடிந்து வந்த கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, ஒரு பிக்கப் வண்டியின் டிரைவர் பக்கத்துக் கதவுக்காக.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நைனா — அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் — மீன் வண்டி ஓட்டுகிறவர். விடிகாலையில் காசிமேட்டில் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போய் வியாசர்பாடி, பெரம்பூர் மார்க்கெட்டுகளில் இறக்குவார். பதினேழு வருடமாக ஒரே வண்டி. என் பள்ளிக்கூடம், காலேஜ், இன்று ஒரு கன்டெய்னர் கம்பெனியில் நான் பார்க்கிற டாக்குமென்ட் வேலை... எல்லாம் அந்த வண்டி இழுத்து வந்ததுதான். எங்கள் வீட்டில் முதலில் பரீட்சை எழுதியவன் நான். முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் அவர்.

மீன் வண்டிக்கென்று ஒரு வியாதி உண்டு. ஐஸ் உருகுகிற உப்புத் தண்ணீர் தரைத் தகட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் தகடு அப்பளமாகியிருக்கும். நைனா ஒருநாள் பிரேக்கை அழுத்தினார். காலுக்குக் கீழே எண்ணூர் ரோடு தெரிந்தது!

"வேற வண்டி வாங்கிக்கலாம் நைனா."

"உன்ன குட்த்துட்டு வேற புள்ள வாங்கிக்கலாமா?" என்றார்.



திருவொற்றியூரில் காதர் பாய் என்று ஒரு மெக்கானிக். நைனாவின் பழைய தோஸ்து. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தவர், கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மாமு, இன்ஜின் ராஜா மாதிரி கீது. ராஜா குந்தறதுக்குதான் வூடு இல்ல. இதே மாடல்ல ஒரு வண்டி புட்ச்சிகினு வா. அத்த அவுத்து இத்துக்கு மாட்டிரலாம்."

இதே மாடல்! அந்த மாடல் இப்போது வருவதே இல்லை. நான் காயலாங்கடை காயலாங்கடையாக ஏறி இறங்கினேன். கதவு இருக்கிற இடத்தில் கேபின் இல்லை, கேபின் இருக்கிற இடத்தில் எங்கள் வண்டியைவிடப் பெரிய ஓட்டை. நைனா மட்டும் எங்கும் தேடவில்லை. அவருக்கு இடம் தெரியும். கேட்கத்தான் மனசு வரவில்லை.

ராயபுரத்தில், பிலோமினா அத்தை வீட்டு வாசலில், தார்ப்பாய் போட்டு மூடி நின்றிருந்தது அந்த வண்டி. அத்தையின் கணவர் அந்தோணி மாமாவுடையது. உறவு எதுவும் இல்லை; நைனாவின் சிநேகிதர் என்பதால் எனக்கு மாமா. இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே மாடல் எடுத்தவர்கள். இவர் வெள்ளை, அவர் நீலம். மாமா மீன் ஏற்ற மாட்டார். அரிசி மூட்டை, வீடு மாறுகிறவர்களின் கட்டில், பீரோ... அவ்வளவுதான். "உன் வண்டி பின்னால பூனைங்கதான்டா வரும்" என்று நைனாவை ஓட்டிக்கொண்டே இருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றோடு வண்டியும் நின்றது. ஒயரையெல்லாம் எலி தின்றது. இன்ஜின் இறுகிப்போனது. ஆனால், மீன் தண்ணீர் படாத உடம்பு... தகடு தட்டினால் 'டங்'கென்று கேட்கும்.

காயலாங்கடைக்காரர்கள் வந்து கேட்காத மாதம் இல்லை. அத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

நைனாவும் நானும் போய் உட்கார்ந்தோம். அத்தை டீ கொடுத்தார். நைனா குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். மீன் வரத்துக் குறைந்ததைப் பற்றிப் பேசினார். அத்தை சமையல் வேலை பார்க்கிற கேன்டீனைப் பற்றிக்கூட விசாரித்தார். வந்த விஷயத்தை மட்டும் எடுக்கவே இல்லை.

கடைசியில் அத்தையே கேட்டார். "இன்னாணா, வண்டி கேக்கத்தான வந்த?"

நைனா காலி டம்ளருக்குள் பார்த்தார்.

"காதர் பாய் நேத்தே போன்ல சொல்டாரு. நீ வாயத் தொறந்து கேக்க மாட்டன்னும் சொன்னாரு."

"இல்லம்மா... போல்ட்டு போல்ட்டா அவுத்துருவாங்க. உனுக்கு ஒருமாதிரி இருக்கும்..."

"நிக்கிறதப் பாக்கறதுதாணா பேஜாரா கீது" என்றார் அத்தை. "ஓடிகினே இருந்த ஆளு. மூணு வருசமா வாசல்ல நிக்கிற மாதிரி கீது. எத்தினியோ பார்ட்டு கீதுல்ல, எதுனா ஒண்ணு ரோட்ல ஓடட்டும்."

விலை பேசுவது அவர்கள் இருவருக்குள் இரண்டே வார்த்தையில் முடிந்தது. பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார்.

"டேய் பிரபு, நீதான எல்லாத்தயும் எழுதி வெச்சிப்ப? எழுதிக்கோ. டிரைவர் சைடு கதவு. அத்த அப்டியே மாட்டணும். எனுக்கு வேற எதுவும் வாணாம். அது மட்டும் போதும்."

எழுதிக்கொண்டேன். நோட்டில் நம்பர் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டேன்.

ஏன் என்று மட்டும் கேட்கவில்லை.

அடுத்த பத்து நாள் நான் ஆபீஸ் விட்டதும் நேராக காதர் பாய் பட்டறைக்குப் போய்விடுவேன். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் லேபிள் எழுதி ஒட்டினேன். போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, கவருக்கும் நம்பர் எழுதினேன்.

"இன்னா தம்பி, துபாய்க்கு ஏத்துமதி பண்றியா?" என்று கேட்டார் பாய். "அவுத்த போல்ட்ட அந்த ஓட்டையிலயே திருப்பி மாட்டி வுடு. பேப்பரு தொலஞ்சிடும்... ஓட்டை எங்க போயிடும்?"

சிரிக்காதீர்கள். இரண்டாம் நாள் காற்றடித்து என் லேபிளில் பாதி பறந்துவிட்டது. பாய் சொன்னபடி மாட்டி வைத்த போல்ட் ஒன்றுகூடத் தொலையவில்லை.

நீல வண்டியின் கேபினையும் பின்பக்கத் தொட்டியையும் தூக்கி எங்கள் வண்டியின் அடிச்சட்டத்தின் மேல் வைத்தபோது, ஒரு சுத்தியல் அடிகூடத் தேவைப்படவில்லை. கையுறை மாதிரி உட்கார்ந்தது. "ஒரே வயித்துல பொறந்ததுங்க" என்றார் பாய். நைனா தொட்டிக்குள் ஏறி, அரிப்பே இல்லாத அந்தத் தரையில் கையை வைத்தார். கீழே நின்ற எனக்கு அவர் பேசியது கேட்டது.

"அந்தோணி... மீன் ஏத்தப் போறேன்டா. கோச்சுக்காத."

இனி என் கதை.

எஃப்.சி.க்குத் தேதி, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டிய நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டி நீலமாக நிற்கிறது, ஆர்.சி. புத்தகத்தில் வெள்ளை. எஃப்.சி.க்குப் போகிற வண்டி பெயின்ட் அடித்துப் பளிச்சென்று போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்.

"முழுசா வெள்ளை அட்ச்சிரலாம்" என்றார் பாய். "கதவுக்கு மட்டும் பிலோமினா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

"நான் பாத்துக்கறேன் பாய்."

எதைப் பார்த்துக்கொண்டேன்? நோட்டைப் பார்த்துக்கொண்டேன். கதவை மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. மாட்டியாகிவிட்டது. பெயின்ட் என்பது ரூல். இதில் கேட்க என்ன இருக்கிறது?

பெயின்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஜன்னலுக்குக் கீழ, இங்க பாரு... பெயின்ட்டு போயி, தகடே தேஞ்சி கீது. பள்ளம் தெரியாம பட்டி பாத்துரட்டா?"

தொட்டுப் பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று, லேசான பள்ளமாக இருந்தது.

"பாத்துருங்கண்ணே. புதுசு மாதிரி இருக்கணும்."

என் வாயால் நானே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை ராயபுரம் கொண்டுபோனோம். வெள்ளை வெளேரென்று, இன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்தது போல இருந்தது. நைனா நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அத்தை சர்ச்சிலிருந்து சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து பானெட் மேல் தெளித்தார். இரண்டு பக்கத்துச் சாமிக்கும் வேலை! தெரு முழுக்கச் சிரிப்பு.

அத்தை டிரைவர் பக்கம் வந்தார். ஜன்னல் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார். முன்னால் நகர்த்தினார். பின்னால் நகர்த்தினார். மறுபடியும் முன்னால்.

"இது அந்தக் கதவுதானாடா?"

"அதேதான் அத்தை. லேபிள்கூட நானே..."

"இங்க தேஞ்சி இருக்குமேடா."

நானும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். பள்ளமே இல்லை.

"மாமா கைய இங்கதான் வெச்சிகினு ஓட்டுவாரு. வெயில்ல சுடும்னு துண்டு மடிச்சிப் போட்டு, அது மேல முழங்கைய வெப்பாரு. பதினாலு வருசம் வெச்ச கை. பெயின்ட்டெல்லாம் போயி தகடு தேஞ்சிடுச்சி." அத்தை என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தெனம் வேலைக்குப் போறதுக்கு மின்னாடி தார்ப்பாய நவுத்திட்டு, அங்க ஒருவாட்டி கைய வெச்சிட்டுப் போவேன். அதான் அப்டியே மாட்டச் சொன்னேன்."



"மன்னிச்சிருங்க அத்தை" என்றேன். "நான்தான் பட்டி வெக்கச் சொன்னேன். பெயின்டரக் கூப்ட்டு நாளைக்கே சுரண்டி எடுத்துரச் சொல்றேன்..."

"சுரண்டுனா பட்டி வரும். அவரா வருவாரு?"

அத்தை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஒரு வார்த்த கேட்டா இன்னாடா?" என்றார் நைனா, பல்லைக் கடித்துக்கொண்டு. "இத்தினி வருசம் இன்னாத்ததான் படிச்ச?"

நியாயமான கேள்வி. பதினைந்து வருடப் படிப்பில் நான் கற்றது, கேட்ட கேள்விக்குச் சட்டென்று பதில் எழுதுவது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ரூலெல்லாம் எனக்குத் தெரியும். ஃபாரம் நிரப்பத் தெரியும். அதனாலேயே யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு எண்ணம் எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. காதர் பாய் கையெழுத்துப் போடுவதற்கே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். 'ஒரு வார்த்தை கேள்' என்று சொல்ல அவருக்குத்தான் தோன்றியது.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நைனா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அண்ணே, நீ ஓட்டறப்ப கைய எங்க வெப்ப?"

"ஸ்டியரிங்லதான்."

"ரெண்டயுமா?"

"ரெண்டயும்தாம்மா. டெஸ்ட்ல அப்டித்தான சொல்லிக் குட்த்தாங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்த விஷயத்துக்காகவும் மாமா அவரை ஓட்டாத நாள் இல்லையாம்.

"இனிமே ஒண்ண இங்க வெய்யி" என்றார் அத்தை, கதவைத் தட்டிக்காட்டி.

"தங்கச்சி, கன்டெய்னர் லாரிங்க போற ரோடும்மா அது!"

"ரோடு காலியா கீறப்ப வெய்யி. எனுக்கு இன்னா அவசரம்? தேயறப்ப தேயட்டும்."

நைனா ஏறி உட்கார்ந்தார். வலது முழங்கையைத் தூக்கி ஜன்னலில் வைத்தார் — ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவார்களே, அந்த மாதிரி விறைப்பாக. அத்தை அவர் கையைப் பிடித்து நகர்த்தினார்.

"கொஞ்சம் பின்னால... இன்னும் கொஞ்சம்... ஆங். அங்கதான்."

பிறகு யாரும் சொல்லாமலே சுற்றிக்கொண்டு போய், இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அவர் எப்போதும் உட்கார்கிற இடம்தான். மூன்று வருடமாக உட்காராத இடம்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கிளம்பியது. அது தெருமுனையில் திரும்புகிற வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு முழங்கை நீட்டிக்கொண்டிருந்தது.

எஃப்.சி. கிடைத்துவிட்டது. நைனா இப்போது காலி ரோட்டில் ஒரு கையால் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் கைப்பிடியை விடுவதே இல்லை. அவர் எலும்பும் தோலுமான ஆள். அந்தக் கை உரசித் தகடு தேய எத்தனை வருடம் ஆகுமோ?

டீக்கடையில் என் நைனாவுக்கு வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுகிற நண்பரே, தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மற்றவர்களுக்கு மட்டும் — ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கழுவுவது என் வேலை. முழு வண்டிக்கும் ஈரத்துணி, முழங்கை படுகிற அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் தேங்காய் நார்.