டாவோஸில் கனகு அண்ணையின் கண்ணாடி வீடு

பனிக்காலத்தில் வீட்டில் கீரை வளர்ப்பதைப் பற்றி எழுதச் சொல்லி வாசகர்களே, உங்களில் சிலர் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தீர்கள். லுசேர்னுக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேயில் என் பல்கனியில் வெங்காயத் தாள்கூட ஒழுங்காக வராது. விஷயம் தெரிந்தவர் டாவோஸில் இருந்தார், கனகு அண்ணை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அங்கே ஒரு ஹோட்டலில் அவரோடுதான் கோப்பை கழுவினேன். அந்த ஹோட்டல் ஜன்னல்களை மாற்றியபோது, கழித்துவிட்டதையெல்லாம் சுமந்துபோய், வாடகை வீட்டின் பின்வளவில் கண்ணாடி வீடு கட்டிய மனுசன் அவர். ஹீட்டர் கிடையாது. ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்கு மேலே, பனிக்கு நடுவில், மாசி மாதத்திலும் ஸ்பினாட் கீரை பிடுங்குவார்.

ஜனவரியில் போய்ப் படமெடுத்து எழுதுவதாகத்தான் திட்டம். டிசம்பரில் அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். ஜனவரியில் போனேன்தான், ஆனால் வேறு காரணத்துக்கு.

அவர் மனைவி வசந்தி அக்கா அழைத்திருந்தார். முப்பத்தோராம் நாள் படையலில் அண்ணை தன் கையால் விதைத்த கீரையில் தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை வைக்க வேண்டும். அக்காவுக்கு வேறெதுவும் பெரிதில்லை, அது மட்டும் வேண்டும். ஆனால் அக்காவால் பிடுங்க முடியாது, துடக்கு, சாவுத் தீட்டு. செத்த வீட்டுக்காரர் அதுவரை கோயிலுக்குப் போவதில்லை. பயிர் பச்சைக்குள்ளும் கால் வைப்பதில்லை, வைத்தால் கருகிவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நான் இரத்த உறவில்லை, எனக்குத் துடக்கில்லை. படையலுக்கு முந்திய நாளே வந்து பிடுங்கித் தரச் சொன்னார்.

“நான் உள்ளுக்குக் காலே வைக்கேல்லை தம்பி. அவர் விதைச்சது கருகக்கூடாது” என்றார்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். லுசேர்னிலிருந்து சூரிச், அங்கிருந்து லாண்ட்குவார்ட், பிறகு மலை ரயில். மூன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அரைக் கட்டண அட்டை இருந்தால் ஒருவழி நாற்பது பிராங்குக்குக் கிட்ட வரும். லாண்ட்குவார்ட்டில் மாறும்போது முன் பெட்டிகளுக்கு ஓடிவிடுங்கள், இல்லையென்றால் பனிச்சறுக்கப் போகும் ஸ்கீக்காரர்களின் கட்டைகள் முழங்காலைப் பதம் பார்க்கும். என் முழங்கால் சாட்சி. டாவோஸில் பஸ் சாரதி வெறுங்கையோடு ஏறிய என்னைப் பார்த்து, வேலைக்கா என்று கேட்டார். கீரை பிடுங்க என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை.

போனதும் பிடுங்க முடியாது. உறைந்த இலையில் கை வைத்தால் கூழாகிவிடும், வெயில் ஏறி இலை நிமிர்ந்த பிறகுதான் தொடவேண்டும். இது அண்ணை சொல்லித் தந்தது. அதனால் குசினியில் பாலில்லாத பிளேன்ரீயோடு காத்திருந்தோம். அக்கா ஒவ்வொரு நாளும் வெளியில் நின்று கண்ணாடியைப் பார்த்தாராம். உள்ளே நீர் பூத்து வழிந்ததாம், உயிரோடு மூச்சுவிடுவது போல இருந்ததாம்.

பன்னிரண்டு மணிக்குப் பின்வளவுக்குப் போனோம். அக்கா வாசலுக்கு ஐந்தடி தள்ளியே நின்றுகொண்டார். கதவைத் திறந்ததும் அழுகல் மணம் முகத்தில் அடித்தது. ஸ்பினாட் பாத்தி முழுக்கச் சளியாகப் படுத்துக் கிடந்தது. நுஸ்லிசலாட், அதாவது இங்கே கடைகளில் சின்னச் சின்னக் கொத்தாக விற்கும் கீரை, சாம்பல் பூஞ்சணம் போர்த்துக் கிடந்தது. கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பின்மூலையில் ஒரு கண்ணாடி வெடித்திருந்தது. அந்த வெடிப்புக்குக் கீழே மட்டும் ஒரு பிடி நுஸ்லிசலாட் பச்சையாக நின்றது.

“இருக்கோ தம்பி?”

“கொஞ்சம் இருக்கு அக்கா.”

நிமிர்ந்தபோதுதான் கண்டேன். கதவுக்கு மேலே காற்றுப் போவதற்கென்றே அண்ணை ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார். அதில் அவருடைய பழைய நீலச் சுவெட்டர் திணித்து அடைக்கப்பட்டிருந்தது. குளிர் கடுமையான ஓர் இரவில், பயிர் விறைத்துவிடும் என்று பயந்து, அக்கா வெளியிலிருந்தே ஏணி வைத்து அடைத்திருக்கிறார். உள்ளே கால் வைக்கவில்லைத்தானே.

அந்த ஒரு பிடியையும் கொண்டு வெளியே வந்தேன். அக்கா அதைப் பார்த்தார். “குளிரிலதானே செத்தது?” என்று கேட்டார்.

“ஓம் அக்கா, குளிர்தான்” என்றேன். கூசாமல் பொய் சொன்னேன், திரும்பவும் சொல்லுவேன்.

அவர் ஏணியைச் சாத்தி ஏறிச் சுவெட்டரை இழுத்தெடுத்தார். ஊறிப் பாரமாக வந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “குளிருக்கு இந்தக் கீரைக்கு ஒண்டும் ஆகாதெண்டு அவர் சொல்லுறவர்” என்றார். பிறகு அங்கேயே, பனியில் குந்தி அழுதார்.

மறுநாள் படையலில் வறை இருந்தது. ஒரு மேசைக்கரண்டி வருமா என்பது சந்தேகம். தேங்காய்ப்பூதான் அதிகம்.

இனி நீங்கள் கேட்டது, அண்ணை சொல்லித் தந்தபடி. ஓகஸ்ட் நடுவுக்குள் விதையுங்கள். பனிக்காலத்தில் இந்தக் கீரைகள் வளராது, வளர்ந்தது அப்படியே நிற்கும், அவ்வளவுதான். தண்ணீர் எப்போதாவது ஒருமுறை, காலையில் மட்டும். இரவில் மெல்லிய துணி போர்த்தலாம், பகலில் எடுத்துவிடுங்கள். வெயிலுள்ள மத்தியானங்களில் கதவைத் திறந்து வையுங்கள். வெளியே எவ்வளவு குளிரென்றாலும் திறவுங்கள். வெப்ப நாட்டிலிருந்து வந்த எங்களுக்குக் குளிர் என்றதும் அடைக்கத்தான் கை போகும். இந்தக் கீரைகளைப் பெரும்பாலும் கொல்வது குளிரில்லை, அடைத்து வைத்த ஈரம்.

இதை எழுதட்டுமா என்று போன வாரம் அக்காவிடம் கேட்டேன். “எழுதுங்கோ தம்பி. வேற ஆரும் அடைச்சுப் போடாமல் இருக்கட்டும்” என்றார். இப்போது ஒவ்வொரு மத்தியானமும் தானே போய்க் கதவைத் திறந்து வைப்பதாகவும் சொன்னார்.

உள்ளே ஒன்றும் இல்லையே அக்கா என்றேன்.

“ஓம், ஒண்டும் இல்லைத்தான். அவர் திறக்கச் சொன்னவர்.”