பொய்யாகப் பெண் பார்க்கப் போன நாள்

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் நடந்தது இது. அப்போது ஒரு மனித உரிமை அமைப்பில், பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்காகப் போராடும் பிரிவுக்கு நான் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். விசிட்டிங் கார்டு, தனி அறை, கூட்டம் என்றால் மேடையில் நடு நாற்காலி எல்லாம் உண்டு. என் குரலைக் கேட்டாலே ஆபீஸர்கள் எழுந்து நிற்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு வேறு. அந்த நினைப்பெல்லாம் ஒரே நாள் காலையில், ஒரு டம்ளர் காப்பி முன்னால் கரைந்துபோனது.

சூலூரைத் தாண்டி ஒரு விசைத்தறிக் கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே தறிக்குடோனில் தார் சுற்றும், அதாவது நாடாக் குச்சியில் நூல் சுற்றும், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இருபது வயதுப் பெண்ணை, குடோன் முதலாளி பலவந்தம் செய்திருந்தான். அவளும் அம்மாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார்கள். காகிதத்தை வாங்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுடைய அப்பாவுக்கும் அதே குடோனில்தான் வேலை. குடியிருந்ததும் முதலாளி கட்டிவிட்ட லைன் வீட்டில். வாயைத் திறந்தால் வேலையும் போகும், வீடும் போகும். அந்த ஊருக்கு வந்துபோகும் கிராம நர்ஸ் ஒருவர்தான் மனசு கேட்காமல் எங்களிடம் வந்து சொன்னார்.

ஹைகோர்ட்டுக்குப் போனால்தான் போலீஸ் அசையும் என்றார் எங்கள் வக்கீல். ஆனால் அந்தப் பெண் தன் கையால் மனுவில் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். இதற்கிடையில் நர்ஸ் இன்னொரு தகவல் கொண்டுவந்தார். குடோன் மேஸ்திரி அவளுடைய அப்பாவை நெருக்கிக்கொண்டிருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்ணைக் கர்நாடகாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம். அனுப்பிவிட்டால் அவளை அப்புறம் எங்கே தேடுவது?

மறுநாளே கிளம்பிவிட்டோம். எங்கள் அமைப்பின் போர்டு மாட்டிய காரில், ஜம்மென்று. லைன் வீட்டு முனையிலேயே மேஸ்திரி மறித்தான். நான் பின்சீட்டில் இருந்தேன், வக்கீல்தான் இறங்கிப் பேசினார். "ஏனுங்க, இந்த வெயில்ல வந்திருக்கீங்க. எளநி வெட்டச் சொல்றேன், குடிச்சுப்போட்டு அப்படியே வண்டியத் திருப்பிக்குங்க. ரோடு மோசமுங்க, அடிக்கடி லாரி வரும்" என்றான். அவ்வளவு மரியாதையாக யாரும் எங்களை மிரட்டியதில்லை. திரும்பி வந்தோம்.

எங்கள் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த என் தோழி வெள்ளகோவில் பக்கத்துக்காரி. அவள்தான் வழி சொன்னாள். "கார்ல போனா நிறுத்தத்தானுங்க செய்வாங்க. பொண்ணுப் பாக்க வந்தோம்னு பூவும் பழமுமாப் போய் நில்லுங்க, எவனும் வாசல்ல மறிக்கமாட்டான்." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என்ன மூளை என்று அவளைக் கட்டிக்கொண்டேன். நர்ஸ் மூலமாக அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். அம்மா சரி சொல்லிவிட்டதாக வியாழக்கிழமை பதில் வந்தது. அதோடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். நான் பட்டுச்சேலையில் மாப்பிள்ளையின் அம்மா, தோழி என் தங்கை. ஒயர் கூடையில் பூ, பழம், வெற்றிலை பாக்கு. அடியில், வாழையிலைக்குக் கீழே, மனுவும் ஒரு பேனாவும். இல்லாத மகனுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

ஒற்றை அறை வீடு, பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பு. அவளுடைய அப்பா குடோனில் வேலைக்குப் போயிருந்தார். பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"எந்த ஊருங்க? பையன் என்ன பண்றாருங்க?" என்று ஆரம்பித்தான். லேத் பட்டறையை ஒப்பித்தேன். "குலசாமி எங்கீங்க?" என்றான். அதை யோசித்தே வைக்கவில்லை. தோழி முந்திக்கொண்டு அவள் ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றைச் சொல்லி, போன மாசம்தான் கிடா வெட்டினோம் என்று கதையும் கட்டினாள். அவன் தலையாட்டிக்கொண்டே என் முகத்தையே பார்த்தான். "உங்கள எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே!" கார்க் கண்ணாடி வழியாக அன்றைக்குப் பார்த்திருப்பானோ? கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள் என்று சிரித்து மழுப்பினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். அம்மாவின் கூறைப்புடவை, தலை நிறைய மல்லிகை. தட்டு ஆடவே இல்லை. காப்பியை வைத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் திரும்புவாள், பின்னாலேயே போய்க் காதில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாம் என்பது என் திட்டம். அவள் திரும்பவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றாள். அம்மா பதறி அவள் கையைப் பிடித்தாள். "இரும்மா. நம்மள நம்பி வந்திருக்கறாங்க. மறைச்சுக் கட்டிக்க எனக்கு மனசு வரலீங்க."

குடோன் ரூமில் முதலாளி தன்னைப் பலவந்தம் செய்ததை, கிழமையோடு, அழாமல், இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். போலீஸ் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். "இதத் தெரிஞ்சும் உங்க பையனுக்குச் சம்மதம்னா மேல பேசுங்க. இல்லீன்னா காப்பியக் குடிச்சுப்போட்டுப் போங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்."

அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. இது நாடகம் என்று அம்மா அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் மகள் சம்மதிக்கமாட்டாள் என்று பயந்திருக்கிறாள். நானும் அவளைக் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியை ஏமாற்றக்கூடாது என்று தன் மானத்தையே எடுத்து வைக்கிறாள் அவள். எதிரில் பொய்ச் சேலையும் பொய் மகனுமாக நான். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

மேஸ்திரி எழுந்துவிட்டான். "இந்தப் புள்ளைக்குக் கொஞ்ச நாளா மனசு செரியில்லீங்க. நீங்க ஒண்ணும் காதுல போட்டுக்காதீங்க, கெளம்புங்க" என்றான். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை வீட்டாராக எழுந்து போயிருந்தால் பத்திரமாகப் பஸ் ஏறியிருக்கலாம். தோழி என் தொடையைக் கிள்ளினாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

மேஸ்திரியைப் பார்க்காமல் அவளிடம் சொன்னேன். நான் மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை, கோவையிலிருந்து வந்திருக்கிறேன், உன் வழக்குக்காகத்தான் வந்தேன், உன்னைக் கேட்காமல் இப்படி வந்தது என் தப்பு.

அவள் நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப... பையனே இல்லீங்களா?"

"இல்ல கண்ணு."

அவள் முகத்தில் அப்போது வந்துபோனதை எழுத எனக்குத் தெம்பில்லை.

மேஸ்திரி ஆட்களைக் கூப்பிடக் கத்திக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தான். வாசலில் நின்ற பெண்கள் நகரவில்லை. தறி ஓட்டுகிறவர்கள், தார் சுற்றுகிறவர்கள், ஏழெட்டுப் பேர். தள்ளு என்று கையை ஓங்கினான். "நாங்களும் கேட்டுட்டுத்தானுங்க நிக்கறோம் மேஸ்திரி" என்றாள் அதில் ஒருத்தி. யாரும் வழி விடவில்லை.

அவள் பாயில் உட்கார்ந்து, "படிங்க" என்றாள். கூடையிலிருந்து மனுவை எடுத்துப் படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள். 'வாழ்க்கையையே இழந்து நிற்கும் இந்த அபலைப் பெண்' என்று நானே ரசித்து எழுதிய வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அத அடிச்சுருங்க. நான் எதையும் எழந்து நிக்கல. தப்புப் பண்ணுனது அவரு." அடித்தேன். கையெழுத்துப் போட்டாள்.

அதற்கு மேல் அவர்கள் அங்கே இருக்க முடியாது. நான் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவளே ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு அம்மாவோடு கிளம்பினாள். அந்தப் பெண்கள் எங்களை நடுவில் விட்டு மெயின் ரோடு வரை நடந்து வந்தார்கள். மேஸ்திரியும் இன்னும் நாலு பேரும் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து பஸ் முக்கால் மணி நேரம் லேட். கூடையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். பஸ் ஏறின பிறகுதான் மூச்சு வந்தது.

சிங்காநல்லூர் வரும் வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்றி என் கூடையில் வைத்தாள். இறங்கும்போது மட்டும், "இனி யாரு ஊட்டுக்குப் போனாலும் அந்தப் புள்ளையக் கேட்டுப்போட்டுப் போங்கக்கா" என்றாள்.

கோர்ட் சொன்ன பிறகு வழக்குப் பதிவானது. அப்பா இரண்டு நாளில் வந்து சேர்ந்துகொண்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. வருஷக்கணக்காக இழுத்தாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நின்றாள், சாட்சிக் கூண்டில் ஏறியபோது அன்று சொன்ன அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னாள். முதலாளிக்குத் தண்டனை கிடைத்த நாளில் எல்லோரும் எனக்குத்தான் கை கொடுத்தார்கள். எனக்குக் கூசியது.

இன்றைக்கும் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பு நான் யார், எதற்கு வந்தேன் என்று அந்தப் பெண்ணிடமே சொல்லி, அவள் வரச் சொன்னால்தான் உள்ளே போகிறேன், "பையனே இல்லீங்களா?" என்ற அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.