மூடியிருந்த கை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய தவக்காலம். சாந்தோமில் எங்கள் பங்குக் கோவிலில், படுக்கையில் கிடப்பவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் கேட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

கடற்கரையை ஒட்டிய குடியிருப்பில், மூன்றாவது மாடி வீடு எனக்குக் கிடைத்தது. அங்கே இருந்த அம்மா முப்பது வருடம் மீன் விற்றவர். சர்க்கரை நோயாளி. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மகன் இறந்துபோனதால் மருமகள்தான் துணை. அவளும் வீட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள்.

சனிக்கிழமைதோறும் போவேன். பைபிளில் கொஞ்சம் வாசிப்பேன், ஜெபம் சொல்வேன், பழம் வைத்துவிட்டுக் கிளம்புவேன். அறையில் மூத்திர வாடை இருக்கும். அதனால் நாற்காலியைக் கதவோரமாகவே போட்டுக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா, "கை நோவுதும்மா. உள்ளே பிசுபிசுன்னு கீது. கொஞ்சம் பாரேன்" என்றார்.

பக்கவாதத்தில் இடது கை இறுக மூடிக்கொண்டிருந்தது. தொட்டாலே கத்துவார் என்று மருமகளும் அதை விரிப்பதில்லை. நான் போர்வைமேல் கையை வைத்து ஜெபித்தேன். உண்மையைச் சொன்னால், அருவருப்பு. அடுத்த வாரமும் கேட்டார். மருமகளிடம் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். தெருவுக்கு வருவதற்குள் மறந்துபோனேன். அதற்கடுத்த வாரம் தி.நகரில் ஒரு கல்யாணம். போகவில்லை.

மறு சனிக்கிழமை போனபோது, பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்யும் முஸ்லிம் பெண் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். வெந்நீர்க் கிண்ணத்தில் அந்தக் கையை வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நகங்கள் வளர்ந்து உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. சீழ். மணிக்கட்டு வரை கறுத்து வீங்கியிருந்தது.

"நாத்தம் எங்க வீடு வரைக்கும் வந்துச்சு. நீங்க வாராவாரம் வர்றீங்களேக்கா, பாக்கலியா?" என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் கட்டிலில் இருந்த அம்மா சொன்னார்: "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாத. அது நல்லா ஜெபம் பண்ணும்."

அந்தப் பெண் என்னிடம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகங்களை வெட்டினார். பிறகு மருமகளை வரவழைத்து, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். மருமகளுக்குத் தெரியவில்லை. உழைத்துக் களைத்து வருபவளிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மா கைக்குள் நோவதை மறைத்திருந்தார். சொன்னது என்னிடம் மட்டும்தான்.

"மூணு வாரமா" என்றேன். மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஒன்பது நாள் வார்டில் இருந்தார். தினமும் போனேன். உடம்பு துடைத்துவிட்டேன், தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். ஒருநாள்கூட மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை. இதெல்லாம் எனக்குச் செய்ய வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் இறந்துபோனார்.

கல்லறையில் மண் போட்டுத் திரும்பும்போது மருமகள் பக்கத்தில் வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி அழுதேன். மன்னிப்பு கிடைத்தது. அவள் கேட்டதற்குப் பதில் மட்டும் கிடைக்கவில்லை.

இப்போது வேறொரு வீட்டுக்குப் போகிறேன். ஜெபப் புத்தகத்தை எடுக்குமுன் போர்வையை விலக்கி, கால், கை, முதுகு எல்லாம் பார்க்கிறேன். யாராவது அதைச் சேவை என்று பாராட்டினால், மூன்று வாரம் வலியைப் பொறுத்துக்கொண்டு என்னை விட்டுக்கொடுக்காமல் பேசிய அந்த அம்மாவுக்கு முன்னால் நிற்பதுபோலக் கூசிப்போகிறேன்.