எண்பதுக்குப் பின் அறுபத்தைந்து

வாசகர்களே, மேடையில் நின்றால் நடுவரை விளித்துப் பேசியே பழகியவன் நான். இன்று எனக்கு நடுவர் வேண்டாம். தீர்ப்பு என்னவென்று எனக்கே தெரியும். நீங்கள் சாட்சிகளாக இருந்தால் போதும். நான் எங்கேனும் என் பக்கம் சாய்த்துச் சொன்னால் முகம் சுளியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆவணி மாதம். கோவை உக்கடத்தில் பெரிய குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்திலும், காங்கேயத்துக்கு அருகே ஒரு பால் சங்கத்தின் வாசலிலும், மூன்று நாளுக்குள் இது நடந்தது.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. தமிழில் முதுகலை முடித்திருந்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டிகளில் நான் பெயர் கொடுத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் மற்றவர்கள் போட்டியிட வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. ஊரில் எல்லோரும் வங்கித் தேர்வுக்கும் ஆசிரியர் வேலைக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்க, நான் நூல் பதிப்புக்கான ஓராண்டு முதுகலைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். "எம்.ஏ. படிச்சுப்போட்டு புஸ்தகம் போடறதுக்கு ஒரு படிப்பாடா?" என்று என் மாமா கேட்டார்.

முதல் நாள் வகுப்பில் பேராசிரியரும் அதையே கேட்டார். ஏன் இந்தப் படிப்பு என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஆசிரியர் வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று ஒருவர் உண்மையைச் சொன்னார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்திருந்த மாணவி தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்க தோட்டத்து வாழைத்தாரு எந்த லாரியில ஏறி எந்த ஊருக்குப் போகுதுன்னு எங்கப்பாவுக்குத் தெரியுமுங்க சார். எழுதுனது எப்படி இன்னொருத்தர் ஊட்டுக்குப் போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரியலீங்க. அதைத் தெரிஞ்சுக்கலாம்னுதான்." வகுப்பு சிரித்தது. என் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

என் முறை வந்தது. மேடையில் என் குரல் ஆயிரம் பேரை எட்டும், அச்சில் ஏறினால் நூறு ஆண்டுகளை எட்டும், ஆகவே காலத்தை வெல்ல வந்தேன் என்றேன். கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும் "உட்காருங்கள்" என்றார். என் விடையை ஏற்றுக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

படிப்பின் ஒரு பகுதியாக மூன்று மாதம் அச்சகத்தில் பயிற்சி பெற வேண்டும். உக்கடத்து அச்சகத்தில் என்னிடம் முதன்முதலாக முழுப்பொறுப்பில் ஒரு நூலை ஒப்படைத்தார்கள். கறவை மாடு வளர்ப்போருக்கான கையேடு. எழுதியவர் காங்கேயம் பக்கத்தில் பணிபுரிந்த ஒரு கால்நடை ஆய்வாளர். நாற்பது வயதுப் பெண்மணி. தொழுவம் தொழுவமாகப் போய்ப் பார்த்ததை ஆறு ஆண்டுகள் நோட்டுப் புத்தகங்களில் குறித்து வைத்து எழுதியிருந்தார். அவருடைய அலுவலகத்திலேயே, பொம்பளை எழுதி மாடு பிழைக்குமா என்று கேலி பேசியவர்கள் உண்டாம். அந்த நூல்தான் அவருடைய மறுமொழி. அதனால் அச்சுப்படி திருத்த அவரே கோவைக்குப் பேருந்தேறி வருவார்.

வரும்போதெல்லாம் அவர் வலியுறுத்தியது ஒன்றுதான். "வவுறு உப்புசம்ங்கற பகுதி மட்டும் பொருளடக்கத்துல கொட்டை எழுத்துல இருக்கோணுமுங்க தம்பி. மத்ததை நாளைக்குப் படிச்சுக்கலாம். இதுக்கு மாடு காத்திருக்காதுங்க." எண்பத்தோராம் பக்கம். நானே கொட்டை எழுத்தில் போட்டுக் காட்டினேன். என்னை நம்பிவிட்டுப் போனார்.

நூலின் மொத்தப் பக்கங்கள் நூற்று இருபத்தெட்டு. ஒரே தாளில் பதினாறு பக்கங்களை அச்சிட்டு மடிப்பார்கள். அந்த மடித்த தாளுக்குப் பாரம் என்று பெயர். எங்கள் நூலுக்கு எட்டுப் பாரங்கள். நீண்ட மேசையில் எட்டையும் எட்டு அடுக்குகளாக வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்தபடி அடுக்குக்கு ஒன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம். நடக்கும்போது "ஒண்ணு... ரெண்டு..." என்று முணுமுணுப்பது அவர்கள் வழக்கம். அடுக்கு தீர்ந்தால் தரையிலுள்ள கட்டிலிருந்து எடுத்து நிரப்புவதும், சேர்த்த புத்தகத்தில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்க அடியிலுமுள்ள எண்ணைப் பார்த்துச் சீட்டில் கையெழுத்திடுவதும் என் வேலை.

விழாவுக்கு வேண்டிய முதல் இருநூறு படிகளைச் சேர்த்த பிற்பகல் அது. மேசைக்குப் பொறுப்பான அக்கா நடந்துகொண்டே கேட்டார்: "ஏனுங்க தம்பி, நாங்கெல்லாம் அஞ்சாவதோட நின்னுபோட்டு இதைச் செய்யறோம். நீங்க எம்.ஏ. முடிச்சுப்போட்டு இதுக்கு வந்திருக்கறீங்களே, எதுக்குங்க?"

இன்னொருத்தி குறுக்கிட்டாள். "பொண்ணு பாக்க லேட்டாகுதாட்ட இருக்குது. அதுவரைக்கும் இங்க நிறுத்தியிருக்கறாங்க."

மேசை முழுவதும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. என்னை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு மேடையை விட்டும் நான் இறங்கியதில்லை.

தொடங்கினேன். ஓலையிலிருந்து தாளுக்கு வந்தேன். கல்வெட்டிலிருந்து கணினிக்கு வந்தேன். நூலகம் இல்லாத ஊர் சன்னல் இல்லாத வீடு என்றேன். முணுமுணுப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. எட்டுப் பெண்களும் என் வாயையே பார்த்தபடி நடந்தார்கள். "அடேயப்பா, மைக்கே வேண்டாமாட்ட இருக்குது" என்று யாரோ சொல்ல, என் குரல் இன்னும் உயர்ந்தது. நடுவே ஆறாம் அடுக்கு தீர்ந்தது. பேச்சை நிறுத்த மனமில்லை. வலக்கை காற்றில் இருக்க, இடக்கையால் ஒரு கட்டைத் தூக்கி மேசையில் வைத்தேன். சேர்த்த புத்தகங்களின் ஓரத்தில் விரலை ஓடவிட்டேன். சீட்டில் கையெழுத்திட்டபோது என் கண் தாளில் இல்லை. கேட்பவர் முகத்தில் இருந்தது. முடித்ததும் அக்கா கைதட்டினார். அந்தக் கைதட்டல், நான் வாங்கிய எந்தக் கோப்பையை விடவும் எனக்கு இனித்தது.

மூன்றாம் நாள் காலை, பால் சங்க வாசலில் பந்தல். பால் ஊற்றிவிட்டு வெறும் கேன்களோடு வந்தவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். நூலை அறிமுகப்படுத்திப் பேச என்னையே அழைத்திருந்தார் நூலாசிரியர். அவர் பட்டுப்புடவை உடுத்தி, இரு கைகளையும் மடியில் கோத்தபடி எனக்கு அருகே அமர்ந்திருந்தார். சங்கச் செயலாளர் வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் மேற்கோள் காட்ட எண்பத்தோராம் பக்கத்தைத் தேடினேன்.

எண்பதுக்குப் பின் அறுபத்தைந்து வந்தது.

மீண்டும் புரட்டினேன். அறுபத்தைந்து முதல் எண்பது வரை இரண்டு முறை இருந்தது. எண்பத்தொன்று முதல் தொண்ணூற்றாறு வரை இல்லவே இல்லை. மேசையிலிருந்த வேறொரு படியை எடுத்தேன். அதிலும் அப்படியே. ஆறாம் அடுக்கின் இடத்தில் என் இடக்கை வைத்த கட்டு, ஐந்தாம் பாரம்.

சாட்சிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பந்தலில் என்னைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. நான் புத்தகத்தை மூடி வைத்தேன். வேறு பகுதியிலிருந்து மேற்கோள் காட்டிப் பேசிவிடலாம், விழா முடிந்தபின் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். என் முறை வந்தது. எழுந்தேன். இரண்டாம் வாக்கியத்திலேயே கைதட்டல் விழுந்தது.

அப்போதுதான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் பந்தலுக்குள் ஓடி வந்தார். "அம்மணி! செவலை மாட்டுக்கு வவுறு உப்பிக் கெடக்குதுங்க, மூச்சு வாங்குதுங்க!" ஆசிரியர் எழுந்தார். செயலாளர் அவரைக் கையமர்த்தினார். "நீங்க உக்காருங்க அம்மணி. விழாவே உங்களுக்குத்தான். அதான் புஸ்தகமே போட்டாச்சுங்களே!" என்று பெருமையோடு சொல்லி, ஒரு படியை எடுத்து வந்தவர் கையில் கொடுத்தார். "எம்பத்தொண்ணாம் பக்கம். கொட்டை எழுத்துல இருக்குது, பாருங்க."

அந்த மனிதர் வியர்த்த விரல்களால் தாள்களைப் புரட்டினார். முன்னே போனார், பின்னே வந்தார். "எனக்குத்தான் தெரியலீங்களா?" என்று அருகிலிருந்தவரிடம் நீட்டினார். அவரும் புரட்டினார். ஒலிபெருக்கி என் வாயருகே இருந்தது. எத்தனையோ போட்டிகளில் சொல் மறந்துபோய் நின்றவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். அன்று எல்லாச் சொற்களும் நினைவில் இருக்க, நான் நின்றேன்.

"அதில் அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பதினாறு பக்கம் இல்லை" என்றேன். "அம்மையார் எழுதியிருக்கிறார். அச்சாகியும் இருக்கிறது. சேர்க்கும்போது நான் தவறவிட்டேன். இங்கே இருக்கிற எந்தப் படியையும் நம்ப வேண்டாம். அம்மா, நீங்கள் போங்கள்."

ஆசிரியர் என்னை ஒரு நொடிதான் பார்த்தார். பைக்குள் எப்போதும் வைத்திருக்கும் சாமான்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு யாருடைய மொபெட்டிலோ ஏறிப் போய்விட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏனுங்க பேச்சாளரே, அப்பப் பதினாறு பக்கத்தை நீங்களே முழுங்கிப்போட்டீங்களாக்கும்?" பந்தல் சிரித்தது. நானும் தலையசைத்தேன். அதைவிடச் சரியாக ஒரு நடுவரும் என்னை மதிப்பிட்டதில்லை. உரைக்குறிப்பு எழுதியிருந்த நோட்டைத் திருப்பினேன். காலையில் புத்தகம் வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய், பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு படியைத் திரும்பப் பெற்றேன். முழுமையான புத்தகத்தை நானே வீடு தேடிக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஆசிரியர் திரும்பி வந்தார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புடவைக் கரையெல்லாம் சாணமும் எண்ணெயும்.

"எந்திரிச்சுப்போச்சுங்க. தண்ணி குடிச்சுது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் குரல் தாழ்த்திச் சொன்னார்: "இது பக்கத்து ஊரு. நான் வண்டியேறிப் போயிட்டேன். நான் போக முடியாத ஊட்டுக்குப் போகோணும்னுதானுங்க தம்பி புஸ்தகமே எழுதினேன். எழுதியிருக்கறேன், அச்சுல இல்லைன்னு ஊடு ஊடாப் போய்ச் சொன்னா யாரு நம்புவாங்க?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதேனும் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. என் மாமா கேட்டதற்கும், பேராசிரியர் கேட்டதற்கும், அக்கா கேட்டதற்கும் விடை அதற்குள்தான் இருந்தது. வகுப்பில் நான் எள்ளிச் சிரித்த கோபி மாணவி அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தப் படிப்புக்கே வந்திருந்தார். எழுதியவர் உடன்போக முடியாத வீட்டுக்கு, அவருக்குப் பதிலாக, ஒரு பக்கமும் குறையாமல் போய்ச் சேர வேண்டும். அந்தப் பயணத்துக்குப் பொறுப்பேற்பவன்தான் பதிப்பாளன். அதைக் கற்பதற்கு ஓராண்டு போதாது என்று இன்று நினைக்கிறேன். நானோ, ஓர் அம்மையாரின் ஆறாண்டு உழைப்பைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, நூறு ஆண்டுகளை வெல்லப் புறப்பட்டிருந்தேன்.

மறுநாள் காலை, திரும்பப் பெற்ற படிகளைத் தோளில் சுமந்து உக்கடத்துச் சந்துக்குள் நுழைந்தேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "நாங்களும் எண்ணலையே கண்ணு. பேச்சு அத்தனை நல்லா இருந்துதே" என்று பழியில் பங்கு கேட்டார். நான் கொடுக்கவில்லை. அட்டையைப் பிரித்து, தையலைப் பிரித்து, குறையுள்ள ஒவ்வொன்றிலிருந்தும் மிகையான பாரத்தை எடுத்து ஆறாம் பாரத்தை வைத்தோம். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காங்கேயம் பேருந்திலும் வாடகைச் சைக்கிளிலும் கழிந்தன. நோட்டிலிருந்த கடைசிப் பெயருக்கும் நேரே கோடிட்டேன். செவலைக்காரர் வீட்டில் வாசலிலேயே எண்பத்தோராம் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மோர் கொடுத்தார்கள்.

இன்றும் என் குரலைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதற்கு ஓர் எல்லை வகுத்துவிட்டேன். தையலைப் பிரிக்க உட்கார்ந்த அந்தக் காலையில், "என்னங்க தம்பி, இன்னிக்குப் பேச்சு இல்லீங்களா?" என்று ஒருத்தி சீண்டினாள். நான் எழுந்து நின்று, எட்டுப் பேர் காதிலும் விழும்படி உரக்கச் சொன்னேன்: "இந்த மேசைக்குப் பக்கத்தில் இனி நான் வாயைத் திறந்தால், அது பாரத்தின் எண்ணைச் சொல்வதற்காக மட்டுமே இருக்கும்."