கழுத்தடியில் இரண்டு கோடு

என் அக்காவைப் பார்த்தால் நிலாவே கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் எழும்பும். அடிபட்ட காரில் எங்கே பள்ளம், அதை அடைக்க எங்கே பட்டி வைக்க வேண்டும், மேலே எத்தனை கோட் அடிக்க வேண்டும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். உலகத்துப் பெயின்ட் எல்லாம் அவள் கை படத்தான் டப்பாவுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. இதில் பாதி புளுகு. ஆனால் அவள் வேலை செய்யும் கார் பட்டறையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. அது நிஜம்.

பதினேழு வயதில் கார் கழுவப் போனவள். இருபத்தாறில் ஸ்ப்ரே துப்பாக்கி பிடிக்கிறாள். அன்றைக்கு என்ன நிறக் கார் வந்தது என்பதை அவள் நகக்கண்ணைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவாள். பெயின்ட் படாமலிருக்க ஒட்டுகிற மறைப்பு டேப் சுருளை வளையல்போல் மணிக்கட்டில் மாட்டியபடியே அக்கா சாப்பிட உட்காருவாள். நான் பத்தாம் வகுப்பில் குப்புற விழுந்தபோது வீட்டில் என்னைத் திட்டாத ஒரே ஆள் அவள்தான். "தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சா சரியாயிடும்டா" என்றாள். பட்டறைப் பேச்சு. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அவளுடைய எலக்ட்ரிக் கிடார் யாரோ வேண்டாமென்று கொடுத்தது. சொறி பிடித்த நாய்போல் வந்தது. மரம் தெரியத் தேய்த்து, நீல நிறம் அடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கினாள். இரண்டு வருடம் வீட்டு மூலையில் வாசித்துப் பழகினாள். பிறகு டிரம் அடிக்கிற தையல்கார அக்கா ஒருத்தி தன் குழுவில் சேர்த்துக்கொண்டாள். சனிக்கிழமை நூலக மண்டபத்தில் முதல் மேடை. கண்ணாடி முன்னால் கிடாரை மாட்டிக்கொண்டு அவள் நிற்பதை நான் பார்த்துவிட்டேன். பார்க்காததுபோல் போய்விட்டேன். எனக்கும் கொஞ்சம் மனசு உண்டு.

மூளைதான் இல்லை. அந்தக் கிடாரில் கழுத்து தனித் துண்டு. உடம்பில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து, பின்னால் நாலு ஸ்க்ரூவில் நிற்கும். மேடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போயிருந்தபோது கம்பிகளைத் தளர்த்திக் கழுத்தைக் கழற்றினேன். 'இதைத் திறந்த அறிவாளி ஒரு கழுதை' என்று எழுதி, நாலாக மடித்துப் பள்ளத்தில் வைத்தேன். என்றைக்காவது ஒரு மெக்கானிக் திறப்பான், முழிப்பான் என்று கணக்கு. காகிதம் இருந்ததால் கழுத்து சரியாக உட்காரவில்லை. முஷ்டியால் குத்தி உள்ளே தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் கிடாரை எடுத்தவள், கம்பி ஏன் இப்படித் தொங்குகிறது என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கழுத்தடியில், நீலப் பூச்சில், இரண்டு பக்கமும் தலைமுடி தடிமனில் இரண்டு கோடு. நகத்தை வைத்து இழுத்தாள். நகம் மாட்டியது. அவள் முகத்தில் இருந்த நிறமெல்லாம் போய்விட்டது. நான் ரொம்ப அக்கறையாகச் செருப்பு துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தையல்கார அக்கா வந்தாள். வெடிப்பு பெயின்டோடு நின்றால் பிரச்சினையில்லை, மரத்துக்குள் போயிருந்தால் மேடையில் கழுத்து ஆடும், கழற்றிப் பார்த்துவிடலாமே என்றாள். அக்கா மாட்டேன் என்றாள்.

"தப்பு என்னோடதுதான்க்கா. தகரத்துக்கு அடிக்கிற மாதிரியே மரத்துக்கும் அடிச்சிட்டேன். மரத்துல பூச்சு காய நாள் விடணும். அவசரப்பட்டுக் கழுத்த மாட்டிட்டேன். திறந்து பாக்கவே பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தையல்கார அக்கா போனாள். அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது.

புதன்கிழமை அதைவிட மோசம். பட்டறையில் ஒரு டாக்டரின் கார் முழுவதையும் அவளிடம் தனியாக ஒப்படைக்க இருந்தார்கள். மூன்று மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள், வேறு யாருக்காவது கொடுங்கள், என் கை இப்போது சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். அம்மாவிடம் சொன்னதை அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். பத்தாம் வகுப்பில் விழுந்தபோதுகூட எனக்கு இப்படி உடம்பெல்லாம் கூசியதில்லை. யார் சறுக்கினாலும் முதலில் சிரிக்கிறவன் நான். இங்கே சறுக்கவே சறுக்காத ஒருத்தி, சறுக்கியது தான்தான் என்று நம்பிக்கொண்டு கிடக்கிறாள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது என்னையே பார்த்தாள். "ஏதாவது சொல்லணுமாடா?" என்றாள்.

குழம்பில் உப்பு குறைச்சல் என்று சொன்னேன்.

"அப்படியா" என்று உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

வெள்ளிக்கிழமை அவள் வேலையிலிருந்து வருவதற்குள் அந்தக் காகிதத்தை எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் வீரம். கம்பியைத் தளர்த்தி, ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன். எல்லாமே லேசாகத் திரும்பின. அது ஏன் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. கழுத்து வெளியே வந்தது. பள்ளத்தில் மரம் சுத்தமாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. வெடித்தது மேல்பூச்சு மட்டும்தான். அவள் அடித்ததில் ஒரு தப்பும் இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுத மாட்டேன்.

காகிதம் இருந்தது. நான் நாலாக மடித்தது இப்போது இரண்டாக மட்டும் மடிந்திருந்தது. பிரித்தேன். என் எழுத்துக்குக் கீழே, டப்பாவில் நிறத்தின் பேர் எழுதுவாளே, அந்தப் பென்சில் எழுத்து:

'முதல்ல திறந்த கழுதை நான். வியாழன் காலையில திறந்தேன், வெள்ளி காலையில எழுதுறேன். மரம் நல்லா இருக்கு, நாளைக்கு வாசிக்கிறேன். டாக்டர் கார் போனது போனதுதான். ரெண்டாவதா திறக்கிற கழுதை, உப்பு சரியா இருந்துச்சான்னு சொல்லு.'

முதுகுக்குப் பின்னால் சுருளிலிருந்து டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஸ்க்ரூ டிரைவர இப்படிக் குடு" என்றாள். "போன ஞாயித்துக்கிழமையும் எடுத்த இடத்துல வைக்கல நீ."