பொலிசுக்குப் போகாத காரணம்

கொரிய இயக்குநர் ஒருவரின் இருண்ட திகில் படங்களைப் பார்த்துத்தான் நான் திரைக்கதை எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரே படத்தை ஒன்பது தடவை பார்த்து, ஒவ்வொரு காட்சியையும் கொப்பியில் ஒரு வரியாகக் குறித்தேன். கொலைகாரன் யாரென்று முதல் தடவையே தெரிந்துவிட்டது. மற்ற எட்டுத் தடவையும் அவன் எப்படி அந்த வீட்டுக்குள் வந்தான் என்று பார்த்தேன்.

பிறகு நானும் ஒரு கதை எழுதினேன். ரோவில் என்ற புறநகரில் வசிக்கும் ஒரு தமிழருக்கு தினமும் மிரட்டல் கடிதம் வருகிறது. மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"இவர் ஏன் பொலிசுக்குப் போகேல்ல?"

"போனால் படம் பத்தாவது நிமிசத்தில முடிஞ்சிடும்."

"முடியட்டும்."

அவள் முதியோர் இல்லமொன்றில் தாதி. நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறவள். காரணம் எழுதாத இடத்தைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது.

பத்தாவது தடவை படத்தைப் போட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. ஆபத்து வருவதற்கு முன்பே அந்த இயக்குநர் நாயகனுக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிடுகிறார். உதவி கேட்டால் பொய் வெளியே வரும். அதனால் அவன் கேட்கமாட்டான்.

எனக்கும் ஒரு பொய் தேவைப்பட்டது. தேடி அலையவில்லை. என் நாயகனுக்கு வேலை போய்விட்டது. மனைவியிடம் சொல்லாமல், தினமும் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினேன். நூலகத்தில் இருந்துதான் எழுதினேன். மூன்று கிழமையாக அங்கேதான் இருந்தேன்.

அதை ஏன் அவளிடம் கொடுத்தேன் என்று இன்றும் சரியாகத் தெரியாது. காட்சி நன்றாக வந்திருந்தது என்பது ஒரு காரணம். சனிக்கிழமை காலை குசினிக் கதிரையில் இருந்து வாசித்தவள் நாலாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இது கதையோ?"

நான் பதில் சொல்லவில்லை. வசனத்தைக் குறைக்க வேண்டும் என்று கற்றிருந்தேன்.

"எத்தினை நாளா?"

"மூண்டு கிழமை."

எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அழுதாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. திரும்ப உட்கார்ந்து மிச்சப் பக்கங்களையும் வாசித்து முடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"மனுசி கடைசிச் சீனிலதான் கண்டுபிடிக்கிறா. அவ்வளவு மொக்கோ அவ? நடுவிலயே கண்டுபிடிக்க வையுங்கோ."

"பிறகு அவ என்ன செய்வா?"

"யோசிக்கோணும்."

இரண்டு நாள் யோசித்தாள். என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் வேலை விண்ணப்பத்தைத் திருத்தித் தந்தாள். கூடவே அந்த நடுக்காட்சியையும் எழுதித் தந்தாள். அதில் மனைவி கத்தவில்லை. கணவனின் காரைப் பூட்டி, திறப்பை எடுத்து வைத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறாள். வாசித்தபோது எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. என் கதையைப் படமாக எடுக்க எவரும் முன்வரவில்லை. இப்போது இருவருமாகச் சேர்ந்து எழுதுகிறோம். கொலைகளை அவள் பார்த்துக்கொள்கிறாள்.